நூற்றுப் பதினேழாவது வரி

அத்தியாயம் 5

"திருடன் ரொம்ப ஒழுக்கமானவன் சார்," என்றாள் ரஞ்சிதம். "தினமும் ரெண்டரை லிட்டரு. ஒரு சொட்டு கூடுதலாவும் எடுக்கறதில்ல, ஒரு சொட்டு கம்மியாவும் எடுக்கறதில்ல. ஞாயித்துக்கெழமை கூட லீவு போடல. புடிச்சதும் போலீசுல குடுக்காதீங்க, நம்ம ஆபீசுல வேலைக்கு வெச்சிக்கலாம்."

தணிகாசலம் தலையைத் தூக்கவில்லை. கே.ஜி.கண்டிகை ரோட்டோரம் இருந்த அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தில் அவர் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இது மூன்றாவது நாள்.

தணிகாசலம் முப்பத்திரண்டு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே திருத்தணி பஜாரில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிக்கொண்டவர். சர்வீசில் இருந்தபோது ஒருநாள் சந்தைக்குள் நுழைந்த அவரைப் பார்த்ததுமே ஒரு தராசு தானாகவே நேராக நின்று சரியான எடை காட்டியதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. விசாரித்துப் பார்த்தால் அந்தப் பேச்சை ஆரம்பித்தவர் அவர்தான். ஆனாலும் தராசு விஷயத்தில் அவரோடு தகராறு செய்ய இதுவரை யாரும் வந்ததில்லை.

ரஞ்சிதம் அவருடைய உதவியாளர். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே பேசிப் பேசிக் கூராக்கிய நாக்கையும் ஒரு பழைய மொபெட்டையும் மூலதனமாகப் போட்டு இவரிடம் சேர்ந்திருந்தாள். மொபெட்டை அவள் ஓட்ட, பின்னால் குடையைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்து போவது 2004-ஆம் வருஷத்துத் திருத்தணிக்குப் பழகிப்போன காட்சி.

விஷயம் இவ்வளவுதான். குணசேகரன் நடத்தும் இந்தப் பால் நிலையத்துக்கு நாற்பத்திரண்டு ஊர்களிலிருந்து காலைப் பால் வருகிறது. பால் ஊற்றுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. எத்தனை லிட்டர், கொழுப்பு எத்தனை என்று அந்தந்த ஊர் மையத்தில் கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். அது டெலிபோன் கம்பி வழியாக இங்கே வந்து சேரும். ஒன்பதரை மணிக்கு அச்சு இயந்திரம் கரகரவென்று ஆரம்பித்து, ஊர்வாரியாக, ஆள்வாரியாக ஒரு ரிப்போர்ட்டைக் கக்கும். கடைசிப் பக்கத்தில் மொத்தம். அந்த மொத்தம்தான் போன மாதத்திலிருந்து உதைக்கிறது.

"மீட்டர் சுத்தம் சார்," என்றான் சூப்பர்வைசர் கண்ணையன், நாற்பதாவது தடவையாக. போன மாதம் புது மீட்டரைத் தொட்டிக் குழாயில் மாட்டச் சொல்லி ஒற்றைக்காலில் நின்று வாங்கியவன் அவன்தான். "நானே குடத்தால மொண்டு ஊத்திப் பாத்துட்டேன். ரிப்போர்ட்டு நாலாயிரத்து முந்நூத்திப் பன்னண்டரைன்னுது. மீட்டரு நாலாயிரத்து முந்நூத்திப் பத்துன்னுது. நேத்தும் ரெண்டரை. முந்தாநேத்தும் ரெண்டரை."

முதல் இரண்டு நாளில் வேன்களைப் பார்த்தாயிற்று. கேன்களைக் கவிழ்த்துத் தட்டியாயிற்று. நிலையத்துப் பூனையைக்கூட ரஞ்சிதம் விசாரித்துவிட்டாள். பூனை ஒத்துழைக்கவில்லை.

"கண்ணையா," என்றார் தணிகாசலம், கண்ணாடியைக் கழற்றியபடி. "இந்தப் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் யார் படிக்கறது?"

"மொதலாளி மட்டுந்தான் சார். இத்த எழுதிக் குடுத்த திருத்தணி கம்ப்யூட்டர் பொண்ணு கூடப் பாக்கறதில்ல. நாள் தவறாது. ஆனா படிக்கறதுன்னா முழுசா இல்ல. நடுவுல ஒரே ஒரு பக்கத்தைத் திருப்புவாரு, பாப்பாரு, மூடிடுவாரு. அவ்ளோதான்."

"அது நாலாம் பக்கம்."

கண்ணையன் வாயைப் பிளந்தான். தணிகாசலம் கட்டிலிருந்து ஐந்தாறு ரிப்போர்ட்டுகளை உருவி, நாலாம் பக்கமாகவே விரித்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல் அழுக்கு. எல்லாம் ஒரே வரிக்கு நேராக.

*117. கௌரியம்மாள். 2.5. 7.2.*

ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். மற்ற வரிகளில் எண்கள் நாளுக்கு நாள் ஏறின, இறங்கின. மழை பெய்தால் கொஞ்சம் இறங்கின, புண்ணாக்கு மாறினால் கொஞ்சம் ஏறின. நூற்றுப் பதினேழு மட்டும் அசையவில்லை. மார்கழியிலும் ரெண்டரை, ஏழு புள்ளி ரெண்டு. பங்குனியிலும் அதே. நேற்றும் அதே.

"ஏழு மாசமா ஒரே அளவு, ஒரே கொழுப்பு," என்றாள். "இது எருமை இல்ல சார், கவர்மெண்டு உத்தியோகம்."

சிரிப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. குணசேகரன். ஐம்பது வயது, ஆள் உயரம். போன கார்த்திகையில் சென்னையில் நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு அந்த உயரம் அவருக்குக் கொஞ்சம் பெரியதாகிவிட்டிருந்தது. மேஜைமேல் விரிந்திருந்த பக்கங்களைப் பார்த்தார். கையை நீட்டி, மேலே இருந்த பக்கத்தில் அந்த ஒரு வரியை உள்ளங்கையால் மூடினார்.

"இத்த வுட்டுட்டு மத்ததைப் பாருங்க சார்."

"இதுல ஒரு சின்ன..."

"எனக்குத் திருடன் வேணும்." குரல் உயரவில்லை. "எவனா இருந்தாலும் பரவால்ல. அடிக்க மாட்டேன், ஸ்டேஷனுக்குப் போவ மாட்டேன். ஒருத்தன் எடுத்தான், இவன்தான் எடுத்தான்னு எனக்குக் காட்டிடுங்க. அது போதும்."

அவர் போன பிறகு ரஞ்சிதம் மெதுவாகச் சொன்னாள். "திருடனைக் கேக்கற மாதிரி இல்ல சார். புள்ள வரம் கேக்கற மாதிரி கேக்கறாரு."

தணிகாசலம் நேற்றைய ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வண்டியை எடு. நூத்திப் பதினேழு எந்த ஊரு?"

---

பள்ளிப்பட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், புளியமரத்தடியில் ஓடு போட்ட ஒரே அறை. அதுதான் சேகரிப்பு மையம். பொறுப்பாளர் துளசிங்கம் கொழுப்பு பார்க்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம்பரைச் சொன்னதும் துடைப்பது நின்றது.

"நூத்திப் பதினேழா? யாரு நைனா உங்களை அனுப்பினது?"

"ஒரு எருமை," என்றாள் ரஞ்சிதம். "ஏழு மாசமா இளைக்காம கொழுக்காம இருக்குதே, அதைப் பாத்து நாலு யோசனை கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

துளசிங்கம் சிரிக்கவில்லை. "அந்த எருமையை வித்து ஏழு மாசம் ஆவுதும்மா. கௌரியம்மா பூட்டாங்க. கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு. காய்ச்சல்னு படுத்தாங்க, மூணே நாளு. ஒண்டிக் கட்டை. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து பாத்தப்போ..." கையை விரித்தார்.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தார். துளசிங்கம் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். விரல் நின்ற இடத்தில் அவரும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நேத்து தேதி போட்டிருக்குது சார்."

"ஆமாம்."

"நேத்து ஊத்தினாங்கன்னு போட்டிருக்குது." காகிதத்தைத் தொடப் பயந்ததுபோல் கையை எடுத்துக்கொண்டார். "சாமி சத்தியமா நான் தட்டல சார். அந்த நம்பரைத் தட்டி ஏழு மாசம் ஆச்சு. வேற யாருக்கும் குடுக்கக்கூட மனசு வரல, சும்மாவே வுட்டு வெச்சிருக்கேன்."

"நம்பறேன். அந்த அம்மா குணசேகரனுக்கு என்ன வேணும்?"

"கூடப்பொறந்த அக்கா."

துளசிங்கம் சொன்ன கதை நீளமில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கௌரியம்மாளின் ஒரே மகள் அம்முவுக்குக் கல்யாணம். தாய்மாமன் குணசேகரன்தான் மாலை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அன்றைக்குப் பார்த்து, நிலையத்துக்கான குளிரூட்டும் இயந்திரம் ரேணிகுண்டாவிலிருந்து லாரியில் வருகிறது. நடு வழியில் லாரி படுத்துக்கொண்டது. வீட்டை அடகு வைத்து வாங்கிய இயந்திரத்தை ரோட்டில் விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை.

"முகூர்த்தம் தாண்டப் போவுதுன்னு ஐயரு அவசரப்படுத்தறாரு. சம்பந்தி வூட்டுக்காரங்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. கௌரியம்மா பாத்தாங்க, பங்காளி ஒருத்தரைக் கூப்பிட்டு, 'நீ நில்லுப்பா'ன்னு மாமன் எடத்துல நிக்க வெச்சிட்டாங்க. தாலி ஏறி கால் மணி நேரங்கூட ஆவல, இவரு வராரு. உடம்பெல்லாம் கிரீசு, கையில ரோசா மாலை. பந்தல் வாசல்லயே நின்னு பாத்தாரு. மாலையை வாழைமரத்துல மாட்டினாரு. திரும்பிட்டாரு."

"அதோட பேச்சு இல்ல?"

"ஒரு வார்த்தை இல்ல. அவரு எதிருல அந்தம்மா பேரைக்கூட எவனும் எடுக்கக்கூடாது. ஆனா கேளுங்க சார், நெலையம் தொறந்த மறுவாரமே அந்தம்மா பாலைக் கறந்துகினு இங்க வந்து நிக்குது. அது வூட்டு வாசல்லயே வேற கம்பெனி வேன் வரும். அதுக்கு ஊத்தாம, அரை மைலு நடந்து வந்து தம்பி கம்பெனிக்கு ஊத்துச்சு. மழையானாலும் வெயிலானாலும். ஊத்திட்டு, 'பேரு ஏறிச்சா?'ன்னு கேக்கும். 'ஏறிச்சும்மா'ன்னுவேன். போயிடும்."

ரஞ்சிதம் வாசலுக்கு வெளியே அந்தப் பாதையை எட்டிப் பார்த்தாள்.

"செத்தப்போ ஏன் சொல்லல?" என்றார் தணிகாசலம்.

"அப்ப அவரு ஆஸ்பத்திரியில தையல் போட்டுகினு கெடக்கறாரு. அவரு சம்சாரம் கல்பனாம்மா ஓடியாந்து அழுதுட்டு, 'உடம்பு தேறட்டும், யாரும் வாயைத் தொறக்காதீங்க'ன்னுச்சு. நாங்க புதுசா ஒண்ணியும் மறைக்கலியே சார். ஒம்போது வருஷமா எடுக்காத பேரு. அப்பிடியே எடுக்காம இருந்துட்டோம்."

திரும்பும் வழியில் ரஞ்சிதம் வண்டியை மெதுவாக ஓட்டினாள். "ஊத்தறதும் இல்ல, தட்டறதும் இல்ல," என்றாள். "ஆனா காயிதத்துல வராங்க. எப்பிடி சார்?"

"கம்பி வழியா வராதது காகிதத்துல வருதுன்னா, காகிதத்தை வரைஞ்சவங்கதான் வரவழைக்கணும். கண்ணையன் சொன்னானே, அந்த ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்த பொண்ணு. திருத்தணிக்குப் போ."

---

மலைக்கோயில் படிக்கட்டுக்குப் போகும் தெருவில், பூஜை சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் மையம். கீழே விபூதியும் ஊதுவத்தியும், மேலே நான்கு கணிப்பொறிகளும் ஒரு மின்விசிறியும். வித்யாலக்ஷ்மிக்கு இருபத்தாறு வயது இருக்கும். அப்பாவும் தாத்தாவும் மலைமேல் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தவர்கள். இவள் சென்னைக்குப் போய் ரிப்போர்ட் எழுதும் மென்பொருளைக் கற்றுக்கொண்டு வந்தவள். பால் நிலையம், லாட்ஜு, லுங்கி கம்பெனி என்று திருத்தணியைச் சுற்றி எந்த முதலாளி காலையில் எந்தக் காகிதத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாலும் சுளித்தாலும், அந்தக் காகிதம் இவள் வரைந்ததாகத்தான் இருக்கும்.

"ரிப்போர்ட்டுன்னா எப்படிம்மா செய்வே?" என்றார் தணிகாசலம், ஏதோ பொழுது போகாதவர் மாதிரி.

அவள் உற்சாகமாகத் திரையில் ஒன்றைத் திறந்து காட்டினாள். "இது பட்டை பட்டையா இருக்கும் சார். மேல் பட்டையில கம்பெனி பேரு, தேதி. கீழ்ப் பட்டையில மொத்தம். நடுவுல இருக்கே, இதுதான் விவரப் பட்டை. இதை ஒரு தடவை வரைஞ்சா போறும். எத்தனை பேர் பால் ஊத்தறாளோ அத்தனை தடவை அது தானா அச்சாகும். அப்புறம் பிளாப்பியில எடுத்துண்டு போய் அவா மிஷின்ல ஏத்தி, ஒம்பதரைக்கு ஓடுன்னு நேரம் குறிச்சுட்டு வந்துடுவேன்."

"பால் ஊத்தாதவங்களுக்கும் அச்சாகுமா?"

தணிகாசலம் மடித்த காகிதத்தை விசைப்பலகைமேல் வைத்தார். நாலாம் பக்கம்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. "தெரிஞ்சுடுத்தா?" என்றாள்.

"நீ திருடி இல்லேன்னு வர்ற வழியிலயே தெரிஞ்சுபோச்சும்மா. பொய் வரி போடறவன் மொத்தத்துல அதைச் சேர்க்க மாட்டான். சேர்க்காம விட்டிருந்தா மீட்டரும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போயிருக்கும், நூறு வருஷமானாலும் யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நீ பொய்யைப் போட்டு, அதை ஒழுங்கா கூட்டியும் காட்டியிருக்கே. என் சர்வீசுல இப்படி ஒரு கள்ளத்தராசை நான் பார்த்ததில்ல."

"சேர்க்காம விடறதுக்கு ஒரே ஒரு டிக்குதான் சார்." அவள் திரையில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள். "இதோ, இந்த எடம். எடுத்துடலாம்னு கொண்டு போனேன். கை வரலை. ஊத்தினவா பட்டியல்லேயும் உண்மையா இல்லை, மொத்தத்துலேயும் இல்லேன்னா அந்த அம்மா அப்புறம் எங்கேதான் இருப்பா?"

பிறகு அவளே சொன்னாள். குணசேகரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினாராம். நாலாம் பக்கத்தைத் திருப்பினாராம். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அதையும் பார்த்துவிட்டு இன்னொரு தடவை. "மிஷின்ல ஏதோ கோளாறு, பாருங்க" என்றாராம். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. கல்பனா ஆட்டோ பிடித்து இந்த மாடிக்கு ஓடி வந்தாள்.

"ஒரே ஒரு வாரம்னு அழுதா சார். 'ஒரு வாரம் அந்த வரி வரட்டும், தையல் ஆறட்டும், நானே சொல்லிடறேன்'னா. கடைசியா பதிவான அளவு ரெண்டரை, ஏழு புள்ளி ரெண்டு. அதையே எழுதினேன். தினம் மாத்தி மாத்திப் போடலாம்தான். போட்டா நானே கறக்கற மாதிரி இருக்கும். பணப் பட்டுவாடா லிஸ்ட்டு தனி, அதை நான் தொடவே இல்லை. மறுநாள் ஒம்பதரைக்கு அச்சாச்சு. பத்து மணிக்கு கல்பனா அக்கா போன் பண்ணினா. ரெண்டு இட்லி சாப்பிட்டாராம். அதைச் சொல்லிட்டு அழறா, நானும் அழறேன்."

"ஒரு வாரம் ஏழு மாசமாச்சு."

"ஒவ்வொரு வாரமும் அவ அடுத்த வாரம் சொல்றேன்னா. நானும் அடுத்த வாரம் எடுத்துடறேன்னு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் ஒம்பதரை மணி ஆனா எங்காத்துல காபி தொண்டையில எறங்கமாட்டேங்கறது சார். இப்போ என்ன பண்ணட்டும்? சொல்லுங்கோ."

துப்பறிகிறவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ரஞ்சிதம்தான் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து, "மொதல்ல தண்ணி குடி," என்றாள்.

---

பிற்பகல் மூன்று மணி. நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீட்டின் வாசற்படியில் கல்பனா நின்றிருந்தாள். வித்யாலக்ஷ்மி போனில் சொல்லியிருக்க வேண்டும்; முகம் வீங்கியிருந்தது.

"சார், சொல்லிடாதீங்க," என்று கையைக் கூப்பினாள். "போன மாசங்கூட டாக்டரு அதிர்ச்சியே கூடாதுன்னாரு. அவருக்கு அவங்க அக்கான்னா... வெளியில காட்டிக்க மாட்டாரு சார். நானு கூட இருந்து பாக்கறவ. வேற ஏதாச்சும் சொல்லுங்க. உங்க வாயில வராததா?"

தணிகாசலம் படியேறினார். கள்ள எடை வைத்தவர்களை முப்பத்திரண்டு வருஷம் கையும் களவுமாகப் பிடித்தவர், அறுபத்திரண்டாவது வயதில் தாமே ஒரு கள்ள எடைக்கல்லைத் தராசில் வைக்கப் போகிறார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"திருடன் கிடைச்சுட்டான். மீட்டர்தான். உள்ள ஒரு சக்கரம் இருக்கும். புதுசுல அது வெட்கப்படும். முதல் ரெண்டரை லிட்டர் ஓடி முடிக்கற வரைக்கும் சுத்தாது. எழுபத்தெட்டுல ஒரு பெட்ரோல் பங்குல இதே கேஸ். அந்தச் சக்கரம் ஆளைப் பார்த்தாத்தான் சுத்தும்னு..."

குணசேகரன் கேட்டுக்கொண்டே இருந்தார். மரியாதையாகக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"உங்களுக்குப் பொய் எடை போட வரல சார். பழக்கம் இல்ல."

தணிகாசலம் நிறுத்தினார்.

"எருமை வருஷம் பூரா கறக்குமா சார்? ரெண்டு மாசமோ மூணு மாசமோ வத்திடும். எங்கக்கா எருமையும் வத்தும். ஆனா ரிப்போர்ட்டுல அது வரி மட்டும் வத்தாது. லிட்டரு அதே ரெண்டரை. கொழுப்பு மட்டும் ஏழுல இருந்து விழுந்து மூணே முக்கால், நாலுன்னு நிக்கும். இன்னா அர்த்தம்? பசும்பாலு. பக்கத்து வூட்டுல வாங்கி எனக்கு ஊத்துது. பேசமாட்டேன்னு சபதம் போட்ட தம்பிக்கு, வரி வுட்டுப்போனா இன்னாமோ ஏதோன்னு இருக்கும்னு, கடன் வாங்கியாவது ஊத்துது. எருமைன்னு பேரு, உள்ள பசும்பாலு. எங்கக்கா என் கம்பெனியிலயே கலப்படம் பண்ணுது பாருன்னு தனியா உக்காந்து சிரிப்பேன் சார். எட்டு வருஷம் சிரிச்சேன்."

ரஞ்சிதம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இந்த வருஷம் எறங்கும், எறங்கும்னு பாத்துகினே இருந்தேன். பங்குனி போச்சு. சித்திரை போச்சு. வைகாசி போச்சு. ஏழு புள்ளி ரெண்டு, ஏழு புள்ளி ரெண்டு. எந்த எருமை சார் அப்பிடிக் கறக்கும்?"

"அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. தெரிஞ்சத தெரியாத மாதிரி வெச்சிகினேன். தெனம் போய் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கறதை மட்டும் வுடல. அப்பதான் கண்ணையன் ஓடியாந்தான். 'மொதலாளி, ரெண்டரை லிட்டரு கொறையுது, எவனோ திருடறான்'னான்." அவர் முன்னால் குனிந்தார். "எனக்கு உசுரு வந்துச்சு சார். எவனோ ஒருத்தன் திருடறான்னா, பாலு வருதுன்னுதானே அர்த்தம்? பாலு வந்துகினு இருந்தா, ஊத்தற ஆளும் இருக்கணும் இல்ல? அதான் ஓடி உங்களைக் கூப்ட்டேன். ஒரு திருடனைக் காட்டுங்கன்னு. எவனையாச்சும் காட்டியிருக்கலாம் சார் நீங்க."

கதவோரம் கல்பனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பு வாயில் இருந்தது. குணசேகரன் திரும்பிப் பார்த்தார்.

"நீ எதுக்கு அழுவுற? நீதான் ஏழு மாசம் எனக்கு அக்காவை வெச்சிருந்த."

அவள் இன்னும் பெரிதாக அழுதாள். அவர் காத்திருந்தார். அழுகை கொஞ்சம் தணிந்த பிறகு, கேட்காமல் இருக்க முடியாதவர்போல் கேட்டார்.

"பொறந்த வூட்டுக் கோடி யாரு போட்டாங்க?"

கூடப்பிறந்தவள் சாகும்போது பிறந்த வீட்டுப் புடவையைக் கொண்டுவந்து போர்த்த வேண்டியது உடன்பிறந்தான் கை. கல்பனா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"புடவை நான்தான் எடுத்துகினு போனேன். அரக்குக் கலரு. ஆம்பளை கைதான் போத்தணும்னாங்க. அங்க நின்ன பங்காளி ஒருத்தரு..."

குணசேகரன் தலையை அசைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு நிறுத்தத் தெரியாமல் அசைத்துக்கொண்டே இருந்தார். தணிகாசலத்திடம் எந்தச் சபைக்கும் ஒரு கதை கைவசம் உண்டு. இந்தச் சபைக்கு இல்லை. எழுந்து வெளியே வந்து, மொபெட்டின் பக்கத்தில் நின்று, வெயில் இல்லாத இடத்தில் குடையை விரித்துக்கொண்டார்.

"சார்," என்றாள் ரஞ்சிதம்.

"ம்."

"ஒண்ணும் இல்ல சார்."

---

அன்று சாயங்காலம் குணசேகரனே வித்யாலக்ஷ்மிக்குப் போன் செய்தார். "அந்த வரியை எடுத்துடும்மா," என்றார். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டிருக்க வேண்டும். "நீ ஒண்ணியும் தப்புப் பண்ணல. மொத்தத்துல சேத்தியாமே, ரஞ்சிதம் சொல்லிச்சு. நல்லா இரு," என்று சொல்லி வைத்துவிட்டார். அவள் பொழுது சாய்வதற்குள் பிளாப்பியோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், திருத்திய ரிப்போர்ட்டை ஏற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு அச்சு இயந்திரம் ஆரம்பித்தது. தணிகாசலமும் ரஞ்சிதமும் விடைபெற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். குணசேகரன் காகிதத்தைக் கிழித்து எடுத்து நாலாம் பக்கத்தைத் திருப்பினார். நூற்றுப் பதினாறுக்குக் கீழே நூற்றுப் பதினெட்டு இருந்தது. நடுவில் ஒரு வெற்று வரிகூட இல்லை. ஆள் இல்லாத இடத்தில் இடம் விட்டு வைக்கும் வழக்கம் அந்த மென்பொருளுக்குக் கிடையாது. கீழே இருப்பவர்களை மேலே நகர்த்தி ஒட்டிவிடும்.

தொட்டிப் பக்கமிருந்து கண்ணையன் ஓடி வந்தான். கையில் மீட்டர் சீட்டு, முகமெல்லாம் பல்.

"மொதலாளி! ரிப்போர்ட்டு மொத்தம் இன்னா? நாலாயிரத்து எரநூத்தித் தொண்ணூத்தி ஆறா? மீட்டரும் அதே! சொட்டு கொறையல! ஒரு சொட்டு!" தணிகாசலத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "புடிச்சிட்டாங்களா மொதலாளி?"

"ஆங்," என்றார் குணசேகரன். "புடிச்சிட்டாங்க."

"யாரு?" என்று கேட்க வாயெடுத்தான் கண்ணையன். ரஞ்சிதம் அவன் முழங்கையைப் பிடித்து, மீட்டரைத் தனக்கு ஒருமுறை காட்டச் சொல்லி, தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.